ஒன்பது மணி ஆகட்டும்

ஃபினா வலைப்பூ எழுத உட்கார்ந்தது பணம் சம்பாதிக்க அல்ல; புருஷன் மானத்தை வாங்க. முன்னாள் புருஷன் என்று திருத்திச் சொல்ல வேண்டும். லம்மெர்ட்டோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக வெளியேறி, நெதர்லாந்தின் வடக்கே மெப்பெல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் குடியேறியவள் அவள்.

லம்மெர்ட்டைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் இருப்பான். வாய்க்கால்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பது கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும்.

காபியோடு ஒரு பிஸ்கட் என்பது இந்த நாட்டு வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லம்மெர்ட் ஒரு படி மேலே போவான். பிஸ்கட் டப்பா ஒவ்வொருவர் முன்னாலும் நீளும்போது மூடியை மறுகையில் பிடித்துக்கொண்டு நிற்பான். விருந்தாளியின் விரல் வெளியே வந்த மறுகணம் 'டப்' என்று மூடுவான். ஃபினா பிறந்தது தெற்கே, ரூர்மொண்டில். அங்கே விருந்தாளி வந்தால் தட்டகலத்துக்குச் செர்ரிப் பழம் நிரப்பிய ஃப்ளாய் கேக் சுட்டு, கால்வாசியை வெட்டித் தட்டில் வைத்து, 'என்ன, பிடிக்கலையா?' என்று கோபித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மகளைப் பார்க்க முதல்முறை வந்த அம்மா, இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டிவிட்டாள். மூடியில் விரல் நசுங்கியது. அம்மா சிரித்துச் சமாளித்தாள். லம்மெர்ட்டோ மூடி நெளிந்துவிட்டதா என்று பார்த்தான்.

ஃபினாவின் முதல் பதிவு அதுதான். வலைப்பூவுக்குப் பெயரே 'மூடி' என்று வைத்தாள். தன் பெயரையும் போடவில்லை, அவன் பெயரையும் போடவில்லை. 'என் வீட்டுக்காரர்' என்று மட்டும் எழுதினாள். எழுதி முடித்ததும் நாத்தனார் கெஸீனாவுக்குக் காட்டினாள். கெஸீனா லம்மெர்ட்டின் சொந்தத் தங்கைதான். ஆனால் விவாகரத்தில் அண்ணனை விட்டுவிட்டு அண்ணன் பெண்டாட்டியோடு நின்றவள்.

"எழுதுடி, நல்லா எழுது. என் கல்யாணத்துக்கு அவன் என்ன குடுத்தான்னு எழுதினியா?"

"என்ன குடுத்தாரு?"

"உங்க கல்யாணத்துக்கு நான் குடுத்த மெழுகுவத்தி ஸ்டாண்டு. அதே காகிதத்துல சுத்தி!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்த கையோடு கெஸீனா ஒரு காரியம் செய்தாள். ஃபேஸ்புக்கில் அவள் 'ஒரு சென்ட் கூட வீணில்லை' என்ற குழுவில் இருந்தாள். சிக்கனக்காரர்கள் தொண்ணூறாயிரம் பேர் கூடும் சந்தை அது. நாலு பேர் பார்த்துக் காறித் துப்பட்டும் என்று பதிவை அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றித் தவளைகளிடம் முறையிடலாம், கஞ்சத்தனத்தைப் பற்றி இவர்களிடமா முறையிடுவது?

முதல் பின்னூட்டம் இரண்டு நிமிஷத்தில் வந்தது.

"மூடியைக் கையிலயே வச்சுக்கறதா! எனக்கு இது தோணாமப் போச்சே. ஹான்டிக்!"

"ஹான்டிக்! பிஸ்கட்டும் நமுத்துப் போகாது."

"உங்க வீட்டுக்காரர் தங்கம்ங்க. இன்னும் எழுதுங்க."

ஹான்டிக் என்றால் கைக்கு உதவும் சங்கதி. இந்த ஊரில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு அது. சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் நானூறு தடவை விழுந்திருந்தது. குரங்கு பிடிக்க உட்கார்ந்தாள், பிள்ளையார் ஆகிவிட்டது.

ஃபினாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. இன்னும் காட்டமாக எழுதினாள். ஒரே தேயிலைப் பையை மூன்று தடவை ஊறவைத்து, துணிக் கவ்வி மாட்டிக் கொடியில் காயப்போடுவதை எழுதினாள். ராச்சாப்பாட்டு நேரம் நெருங்கி, விருந்தாளிகள் ஐந்தரைக்கும் எழுந்திருக்காவிட்டால், அவன் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கை வீட்டு ஆட்களுக்கு மட்டும் இரண்டே இரண்டு எண்ணி வாளியில் 'டங், டங்' என்று போடுவதை எழுதினாள். தேனிலவுக்குப் பாரிசுக்குக் கூட்டிப்போய், ஓட்டல் குளியலறையில் கேம்ப் அடுப்பைப் பற்றவைத்துப் பட்டாணி சூப் காய்ச்சியதை எழுதினாள். இதற்காவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல நாலு கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

"வாளின்னா தகரமா பிளாஸ்டிக்கா? தகரம்தான் சத்தம் நல்லா வரும்னு நினைக்கிறேன். ஹான்டிக்!"

பகிர்ந்தார்கள், பகிர்ந்தார்கள், அப்படிப் பகிர்ந்தார்கள். குழுவிலிருந்து குழுவுக்குப் போயிற்று. இன்ஸ்டாகிராமில் பெண்கள் தங்கள் வீட்டுக் கொடியில் தேயிலைப் பை காய்வதைப் படம் எடுத்துப் போட்டார்கள். வலைப்பூவின் ஓரத்தில் விளம்பரம் வந்தது. பாட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் தயிரை வழித்தெடுக்கும் நீளக் கரண்டி விற்கும் ஒருவன், பதிவில் தன் கடைக்கு இணைப்புப் போட்டால் ஒரு கரண்டிக்கு இவ்வளவு என்று தருவதாக எழுதிக் கேட்டான். ஃபினா போட்டாள். வாசகர்கள் கேட்டபடி ஒவ்வொரு பதிவுக்கும் 'யோசனை' என்று எண்ணும் போட்டாள். நெதர்லாந்தில் இத்தனை பாட்டில்கள் வழிக்கப்படாமல் இருந்தனவா என்று ஆச்சரியப்படும் அளவுக்குக் கரண்டி விற்றது. வருஷம் திரும்புவதற்குள் அவள் சலவைக் கடையில் ஜிப் மாற்றித் தைக்கும் வேலையை விட்டுவிட்டாள்.

அந்தப் பணத்தை அவள் வெறியோடு செலவழித்தாள். குளிருக்கு வீட்டுச் சூட்டை இருபத்திரண்டு டிகிரி வரை ஏற்றி வைத்தாள். ரொட்டி மேல் வெண்ணெயைப் பல்லின் தடம் பதிகிற கனத்தில் தடவினாள். ஒவ்வொரு கடியும் அவன் நெஞ்சில் விழட்டும் என்று தின்றாள். ஆனால் அவன் நெஞ்சில் எதுவும் விழவில்லையே! ஊர் முழுக்க அவனை, பெயர் தெரியாமலே, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

"ஏன்டி, நீ அவனைத் திட்டறியா, சிலை வைக்கிறியா?" என்றாள் கெஸீனா.

"இவங்களுக்குத் திட்டும் தெரியல, பாராட்டும் தெரியல. நான் என்ன பண்ண?"

"அந்த ஒண்ணை எழுதேன். அதைப் படிச்சுமா ஹான்டிக்குன்னு சொல்லுவாங்க?"

ஃபினாவின் பயமே அதுதான்.

அந்த ஒன்று இது. பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு ரூர்மொண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அம்மா மூச்சுக்குத் தவிக்கிறாள், 'ஃபினா வந்தாச்சா, ஃபினா வந்தாச்சா' என்று கேட்கிறாள், உடனே வரவும் என்றாள். ஃபினா இரவு உடை மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறே முக்கால் வண்டியைப் பிடித்தால் பத்து மணிக்கு முன்னால் போய்விடலாம். கார் எடுக்கலாமா என்றாள். ஆஸ்பத்திரியில் கார் நிறுத்த மணிக்கு எவ்வளவு தெரியுமா என்றான் லம்மெர்ட். சரி, ரயில். ரயில் கார்டைக் கொடு என்றாள்.

"இப்பப் போனா முழுக் கட்டணம், ஃபினா. ஒன்பது மணிக்கு மேல நாப்பது சதவீதம் தள்ளுபடி. அம்மா எங்க போயிடப் போறாங்க? ஒன்பது மணி ஆகட்டும்."

அவள் அழுதாள். அவன் சத்தம் போடவில்லை. அவன் எப்போதுமே சத்தம் போட்டதில்லை. காபி போட்டுக் கொடுத்து, பிஸ்கட் ஒன்றைத் தட்டில் வைத்து, மூடியை மூடினான். பிறகு அவளோடு ஸ்டேஷனுக்கும் வந்தான். கார்டைத் தட்டினால் பயணம் பதிவாகும் கம்பத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் கை போனபோது மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றான். ஒன்பது அடித்ததும், "ம், இப்பத் தட்டு" என்றான். பத்து இருபதுக்கு அம்மா போய்விட்டாள். அந்த நேரத்தில் ஃபினா யூட்ரெக்டில் அடுத்த வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள்.

கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அதே வீட்டில் அதே தேயிலைப் பையைக் காயப்போட்டாள். அவனை நினைத்தால் எரிவதைவிட இதை நினைத்தால் அதிகம் எரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதி, அதன் கீழேயும் எவளாவது வந்து ஹான்டிக் என்று போட்டுவிட்டால், அம்மா இரண்டாம் முறை செத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இருநூற்றுப் பத்துப் பதிவுகள் எழுதியும் அதை மட்டும் தொடவில்லை.

மார்ச் மாதம் கெஸீனாவின் பிறந்தநாள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்லாமல், வட்டம் சுற்றி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, 'உங்க தங்கச்சிக்கு வாழ்த்துகள்', 'உங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்' என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். லம்மெர்ட்டும் வந்தான். சுற்றி வந்து ஃபினாவிடமும் கை நீட்டினான்.

"உன் நாத்தனாருக்கு வாழ்த்துகள். அப்புறம், உன் எழுத்துக்கும் வாழ்த்துகள்."

அவன் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, வட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "நூலகத்துல ஓசி இன்டர்நெட்ல படிச்சேன். அந்த 'மூடி' இருக்கே, அதுல வர்ற வீட்டுக்காரர் நான்தான்."

வட்டம் கலகலத்தது. "நீங்களா அது! அந்த உருளைக்கிழங்கு வாளி?" என்று கெஸீனாவின் பக்கத்து வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்தாள். லம்மெர்ட் தோளைக் குலுக்கினான். அவமானத்தில் குறுகுவான் என்று ஒன்றரை வருஷம் கனவு கண்டாளே, அவன் மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஃபேஸ்புக்கில் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கிவிட்டானாம். கையில் மூடியோடு படமும் போட்டிருக்கிறானாம். பதிவுகளின் கீழே போய்ப் பிழைகளையும் திருத்துகிறானாம்.

"தேயிலைப் பை மூணு தடவைன்னு போட்டுட்டா. நாலு. தப்பான விவரம் வெளிய போகக் கூடாதுல்ல? அதைவிடு ஃபினா, விளம்பரத்துல வர்றதுல பாதி எனக்கு வரணும். யோசனையெல்லாம் என்னோடதுதானே?"

"குடுத்துட்டா போச்சு," என்றாள் கெஸீனா. "அதே காகிதத்துல சுத்திக் குடுடி."

சிரிப்பு அடங்கியதும் அவன் அவளைப் பார்த்துக் கேட்டான். உள்நோக்கம் எதுவும் இல்லாத, வெள்ளைக் கேள்வி.

"இருக்கறதுலயே நல்லதை நீ இன்னும் எழுதலையே. ரயில் விஷயம். ஒன்பது மணிக்கு மேல தட்டினா நாப்பது சதவீதம் கம்மி. ஒருதரம் நீ ரூர்மொண்டுக்குப் போறப்ப அப்படித்தான் பண்ணினோம், ஞாபகமில்ல? பத்து யூரோவுக்கு மேல மிச்சம்."

"ஹான்டிக்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஃபினா எதற்கு ஒன்றரை வருஷமாக அஞ்சினாளோ அது கேக் தட்டுகளுக்கு நடுவில் நடந்து முடிந்துவிட்டது. அவனுக்கு எந்த நாள் என்றே நினைவில்லை. மிச்சப்பட்ட தொகை மட்டும் நினைவில் இருக்கிறது. இனிமேல் பயப்பட என்ன இருக்கிறது? கெஸீனா எழுந்து வந்து அவள் தோளை அழுத்தினாள். ஃபினா இன்னொரு துண்டு கேக்கைக் கேட்டு வாங்கி நிதானமாகத் தின்றாள். தின்றுகொண்டே அவன் சொன்னதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சவைத்தாள். தப்பான விவரம் வெளிய போகக் கூடாதுல்ல?

தவளை தன் வாயால் கெடும். அது கத்துவதற்கு ஒரு மழைதான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, சரியாக ஆறு பத்துக்கு, அவள் பதிவைப் போட்டாள். அழுகை இல்லை, வசவு இல்லை. மற்றப் பதிவுகளைப் போலவே யோசனை எண் போட்டு எழுதியிருந்தாள்.

'யோசனை 211. ஒன்பது மணி வரை காத்திருங்கள். காலை 6.10க்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 6.45க்கு வண்டி இருந்தது. என் வீட்டுக்காரர் அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்றார். 8.58க்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 9.00க்குக் கார்டைத் தட்டினேன். 10.20க்கு அம்மா இறந்தாள். அப்போது நான் யூட்ரெக்டில் நின்றேன். தள்ளுபடி: 35 சதவீதம்.'

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அந்த முப்பத்தைந்தைத் தவிர.

போட்டுவிட்டு ரொட்டிக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தாள். ஏழு மணி, எட்டு மணி. ஆயிரக்கணக்கில் படித்திருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஹான்டிக் விழுகிற இடத்தில் மயான அமைதி. நூலகம் பத்து மணிக்குத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். காபியை வைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாவை மூடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள். முப்பத்தொரு வருஷம் காத்திருக்கப் பழகியவளுக்கு இது என்ன பெரிய காரியம்?

பத்து பதினேழுக்கு முதல் பின்னூட்டம் விழுந்தது. பெயரோடு, மூடியோடு இருக்கும் படத்தோடு.

'முப்பத்தஞ்சு இல்ல, நாப்பது. மத்தபடி எல்லாம் சரி. லம்மெர்ட்.'

மற்றபடி எல்லாம் சரி! ஃபினா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, அவன் அழித்துவிட முடியாதபடி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அணை உடைந்தது. முதலில் எழுதியவள், கெஸீனாவின் வட்டத்தில் ஹான்டிக் என்றவளே. 'லம்மெர்ட், நேத்து வரைக்கும் உங்களைப் பார்த்து என் புருஷனைத் திருந்தச் சொன்னேன். என் வாயில மண்ணைப் போட்டுக்கணும்' என்று எழுதியிருந்தாள். பொழுது சாய்வதற்குள் நாலாயிரம் பேர் எழுதினார்கள். தேயிலைப் பை படங்களைப் போட்டவர்கள் அவற்றை நீக்கினார்கள். தொண்ணூறாயிரம் பேர் குழு அவனை வெளியே தள்ளியது. ஒரு செய்தித்தாள் அந்த ஒற்றை வரியை அப்படியே போட்டது. ஃபினா அவன் பெயரை எங்கும் சொல்லவில்லை. தானே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டவன் அவன். விளம்பரக்காரர்கள் மட்டும் அந்தப் பதிவுக்கு எப்போதையும்விட அதிகம் கொடுத்தார்கள். கரண்டிக்காரன் பயந்து விலகிக்கொண்டான், போகட்டும்.

மறுவாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. லம்மெர்ட். பழைய கட்டணக் கணக்கில், சாயங்காலம் தவிர வேறு நேரத்தில் அவன் யாரையும் கூப்பிட்டதில்லை.

"ஃபினா, அந்தப் பதிவை எடுத்துடு. தேவாலயத்துல என் வரிசையில யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க. நூலகத்துல அந்தப் பொண்ணு என்னை நிமிர்ந்தே பாக்கறதில்ல. வாசல்ல பிஸ்கட் டப்பா மூடியாக் கொண்டாந்து போடறாங்க. இன்னைக்கு மட்டும் பதினோரு மூடி."

"டப்பா?"

"டப்பா இல்ல. வெறும் மூடி."

"வச்சுக்க. ஹான்டிக்."

"விளையாடாத. பாதிப் பணம்கூட வேணாம். இப்பவே எடுத்துடு, உனக்குப் புண்ணியமாப் போகும். ராத்திரி தூங்க முடியல, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

அவன் குரல் உடைந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்டிராத குரல். இரக்கம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஏழுதானே ஆகுது, லம்மெர்ட்? பதிவு எங்க போயிடப் போகுது? ஒன்பது மணி ஆகட்டும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவனுக்கு அந்த நாள் இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. அவள் போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஏழு இருபதுக்கு, அம்மாவின் கல்லறை இருக்கும் ஊருக்கு, முழுக் கட்டணத்தில் கார்டைத் தட்டினாள்.

பதிவை அவள் ஒன்பது மணிக்கும் எடுக்கவில்லை.